சிப்பில் பட்ட விரல்

சிப் பெட்டியின் மூடியைத் திறந்ததும் கெட்டுப்போன பாலின் வாடை வந்தது. தூசிகூட நுழையக் கூடாதென்று தலைமுதல் கால்வரை வெள்ளை உடுப்பு மாட்டிக்கொண்டு வேலை பார்க்கும் அறையில், நகத்தளவு சிப்பிலிருந்து அப்படி ஒரு வாடை வர நியாயமே இல்லை. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தப்பு அவளுடையதுதான். மூன்று வாரத்துக்கு முன், ஒளி வரும் ஃபைபரைப் பொருத்தும்போது வழுக்குகிறதே என்று கையுறையைக் கழற்றினாள். நகம் கடித்துக் கடித்துப் புண்ணான ஆள்காட்டி விரல் சிப்பில் பட்டுவிட்டது. யாரிடமும் மூச்சுவிடவில்லை. அது மின்சாரத்துக்குப் பதில் ஒளியாலேயே கணக்குப் போடும் சிப். தோல் படங்களைக் காட்டி, எதில் நோய், எதில் இல்லை என்று அதற்குப் பழக்கிக்கொண்டிருந்தார்கள். பயிற்சி சிப்பிலேயே நடப்பதால், அழுக்கிருந்தால் அழுக்கோடு சேர்த்தே கற்றுக்கொள்ளும். கற்றுக்கொண்டது. நூற்றுக்கு எழுபதில் திணறிய அதன் மதிப்பெண் தொண்ணூற்றெட்டுக்கு ஏறியது. இனி துடைத்தால் மூன்று வாரப் பயிற்சி போச்சு. அவள் வேலையும் போச்சு.

"என்னம்மா, மூஞ்சி ஏன் இப்படிப் போகுது?" என்றார் மீசை. முகமூடிக்குள் அடங்காத அந்த மீசைதான் மேலாளருக்குப் பெயரே. "இன்னும் கொஞ்ச நேரத்துல சிப்பைப் பார்க்க ஆளுங்க வர்றாங்க. சொதப்பிடாத."

"ஒண்ணுமில்ல சார்."

அவர் போனதும் நுண்ணோக்கியில் குனிந்தாள். புள்ளியாக இருந்த கறை சிப்பின் பாதியை மூடியிருந்தது, சீழ் காய்ந்த மஞ்சள் நிறத்தில், ஈரமாக, ஒளி பாயும்போதெல்லாம் மெல்ல எழும்பித் தாழ்ந்துகொண்டு. அதன்மேல் வரிவரியாக ரேகைகள்.

சீ. வேலை போனால் போகட்டும்.

பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து அழுத்தித் துடைத்தாள்.

எரிந்தது. அவள் விரலில்.

கையுறையை உருவினாள். வலிக்கவில்லையே என்று நான்கு நாளாக மாற்றாத பிளாஸ்திரி. பிய்த்தாள். அதே புளித்த வாடை. புண் இல்லை. ரேகை இல்லை. நகமும் இல்லை. உரித்த முட்டைபோல் வழவழவென்று ஒரு நுனி.

மறுபடி குனிந்தாள். கறையின் ஓரத்தில் வெளிறிய ஒரு துளி நகம். கடித்த நகம்.

கதவுக்கு வெளியே பேச்சுக்குரல். மீசையின் சிரிப்பு. வந்துவிட்டார்கள்.

திரையில் மதிப்பெண் மாறியது. தொண்ணூற்றொன்பது.

அவளுடைய நடுவிரல் மரத்துப்போனது. சிப்பில், முதல் நகத்துக்குப் பக்கத்தில், மஞ்சள் தோலை மெதுவாகக் கிழித்துக்கொண்டு இன்னொன்று முளைத்தது.