கொழும்பு விலை

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு அசோகனின் உலகம் சுற்றும் டிக்கெட் செத்துக் கிடந்தது. முதலில் பார்த்தவள் அவர் மனைவி மணிமொழி. மத்தியானம் சிங்கப்பூர் விமானம். ஜன்னலோர இருக்கை கிடைக்குமா என்று பார்க்கக் கம்ப்யூட்டரைத் திறந்திருக்கிறாள். திரையில் இருந்தது ஒரே வரி: பயணம் முழுவதும் ரத்து, சனி மாலை 5.52.

கால் மணி நேரத்தில் அவள் கீழ்த்தளத்துக்கு வந்து இசக்கியம்மாளின் கதவைத் தட்டினாள். ராஜா அண்ணாமலைபுரத்தின் அந்த அடுக்ககத்தில் இசக்கியம்மாள் மட்டும்தான் ஓய்வுபெற்ற போலீஸ் இன்ஸ்பெக்டர். செருப்பு காணாமல் போனாலும் மோட்டார் ஸ்விட்சை யாராவது அணைக்காமல் விட்டாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

"அக்கா, யாரோ எங்க டிக்கெட்டை ரத்து பண்ணிட்டாங்க."

"அழாம சொல்லு மணி. சார் என்ன சொல்றார்?"

"விதின்னு சொல்லிட்டு பேப்பர் படிக்கிறார்."

இசக்கியம்மாள் மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டாள். அசோகன் எதையும் விதியின் தலையில் கட்டுகிற ஆளல்லர். தெருமுனை நாய் குரைத்ததற்கே மாநகராட்சிக்கு மூன்று மனு போட்டவர். பொதுத்துறை நிறுவனமொன்றில் பொது மேலாளராக இருந்து ஓய்வுபெற்று வெகுகாலமாகியும், லிஃப்டில் ஏறினால் நட்டநடுவில்தான் நிற்பார். மற்றவர்கள் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். பங்குனியில் அந்த டிக்கெட்டை வாங்கியதிலிருந்து லிஃப்டே வகுப்பறையாகிவிட்டது. பக்கத்துப் பக்கத்து இருக்கைக்கு ஏன் வேறு வேறு விலை, உலகம் சுற்றும் டிக்கெட்டில் ஏன் ஒரே திசையில்தான் போகவேண்டும், ஊர்களை எண்ணாமல் கண்டங்களை எண்ணி ஏன் காசு வாங்குகிறார்கள் என்று மூன்றாவது மாடி வரும்வரை பாடம் நடக்கும். முடிக்கும்போது குரலைத் தாழ்த்துவார். "எந்த நாட்டுல பயணம் தொடங்குதோ, அந்த நாட்டு விலை. இந்தியாவுல தொடங்கினா ஒரு விலை, இலங்கையில தொடங்கினா அதைவிடக் குறைச்சல். நான் வாங்கினது கொழும்பு விலை!"

கேட்டவர்கள் எல்லாரும் வியந்தார்கள். காஞ்சிபுரத்துப் பட்டைத் தறிக்காரர் விலைக்கே தி.நகரில் வாங்கிவிட்ட சாமர்த்தியம் போல அதை எடுத்துக்கொண்டார்கள்.

நேற்று மாலை கார் நிறுத்துமிடத்தில் ஷாமியானா போட்டு வழியனுப்பு விழா நடந்தது. சால்வை, சந்தன மாலை, ஆளுயர ஃபிளெக்ஸ். அசோகன் மட்டும் முக்கால் மணி நேரம் பேசினார். டிக்கெட் ரத்தானது அந்தப் பேச்சின் நடுவில்தான்.

மாடிப்படி ஏறும்போது மணிமொழி மூச்சு வாங்கினாள்.

"உலகம் பூரா அவருக்குத்தான் அக்கா. நான் கேட்டது டொரன்டோ ஒண்ணுதான். ஒன்பது வருஷமாச்சு நிலாவைப் பார்த்து. பொங்கல் அன்னிக்கு அவரே வாய்விட்டுச் சொன்னார், கூட்டிட்டுப் போறேன்னு."

நிலா அவர்களுடைய ஒரே மகள். ஹஸன் என்ற பையனைக் கட்டிக்கொண்டு கனடா போனவள். அன்றோடு இந்த வீட்டில் அவள் பெயரை உச்சரிப்பது நின்றுபோனது. பிற்பாடு மணிமொழி திருட்டுத்தனமாக அழைத்துப் பார்த்தபோது பழைய நம்பர் உயிரோடு இல்லை. ஊர் பெயரைத் தவிர அவள் கையில் வேறெதுவும் இல்லை.

மூன்றாவது மாடியில், அவர்கள் வீட்டுக் கதவில் தொங்கிய பையில் பால்காரர் வேலு இரண்டு பாக்கெட்டுகளைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னா வேலு, இன்னியோட பாலை நிறுத்திடுவே இல்ல? இவங்கதான் நாலு மாசம் ஊர்ல இருக்க மாட்டாங்களே!" என்றாள் இசக்கியம்மாள்.

"என்கிட்ட யாரும் நிறுத்துன்னு சொல்லலியேம்மா! ஊருக்குப் போனா பேப்பர்காரன் வரைக்கும் சொல்லிக்கினு போற சார் ஆச்சே. சொல்லாம நான் எப்டி நிறுத்துவேன்?"

"நான் சொல்றேன், நீ பேசாம இருன்னார் அக்கா," என்றாள் மணிமொழி.

கூடத்தில் பெட்டிகள் நான்கும் பட்டை கட்டித் தயாராக நின்றன. அசோகன் வேட்டியில் இருந்தார். சால்வை சோபாவின் முதுகில் கிடந்தது.

"யார் செஞ்சிருப்பாங்க சார்?"

"நாலாவது மாடி ஆனந்தகுமார். பொறாமை. வேற யாரு?"

"சைபர் கிரைம்ல எழுதிக் கொடுத்துடலாமா?"

"எதுக்கு மேடம்? பெரிய மனுஷத்தனம்னு ஒண்ணு இருக்கில்ல."

"விமான கம்பெனிக்கு ஃபோன் பண்ணீங்களா?"

"பண்ணி?"

இசக்கியம்மாள் அதற்குமேல் கேட்கவில்லை. நாலாவது மாடிக்கு ஏறினாள். குடியிருப்போர் சங்கப் பொருளாளரான ஆனந்தகுமார் பல்துலக்கிக்கொண்டிருந்தார். செய்தி கேட்டு நுரையை அப்படியே விழுங்கிவிட்டார்.

"மேடம், சத்தியமா நான் இல்லை! ஃபிளெக்ஸ் அடிச்சது நான்தான். ஆனா டிக்கெட்டையே போட்டோவா குடுத்து, பெருசா தெரியணும்பான்னு நின்னவர் அவர். புக்கிங் நம்பர் அடியளவுக்குத் தெரியுது. அந்த நம்பரும் பேரும் இருந்தா யார் வேணா ரத்து பண்ணலாம். இஸ்திரி போடறவரையும் சேர்த்து விசாரிங்க."

"அஞ்சு அம்பத்திரண்டுக்கு எங்க இருந்தீங்க?"

"மேடைக்கு முன்னாடி, அவரோட ஃபோன்ல அவரையே வீடியோ எடுத்துக்கிட்டு. இன்னும் தோள்பட்டை வலிக்குது."

"அவர்மேல கோபம் உண்டா?"

"யாருக்கு இல்ல? நானும் அந்த மாதிரி ஒரு டிக்கெட் போடலாம்னு இருந்தேன். மச்சினன் சிங்கப்பூர்ல இருக்கான், முதல் ஃப்ளைட்டை விட்டுட்டு அங்கேர்ந்து ஏறிக்கறேன்னு சும்மா ஒரு வார்த்தை சொன்னேன். லிஃப்ட்ல எல்லார் எதிர்லேயும் கிழிச்சுட்டார். 'முதல் ஃப்ளைட்ல ஏறலைன்னா பின்னாடி இருக்கிறது மொத்தமும் தானா ரத்தாயிடும்யா, இதுகூடத் தெரியாத நீயெல்லாம் பொருளாளர்!'"

இசக்கியம்மாள் கீழே இறங்கி வந்தாள். ஷாமியானா இன்னும் பிரிக்கப்படவில்லை. ஃபிளெக்ஸில் ஐஃபல் கோபுரத்துக்கும் சுதந்திர தேவிக்கும் நடுவில், இரண்டையும்விட உயரமாக அசோகன் நின்றிருந்தார். ஓரத்தில் பயண விவரம். அதன் மேல் வரி மூங்கிலில் சுருட்டிக் கட்டியிருந்த மடிப்புக்குள் போயிருந்தது. கயிற்றை அவிழ்த்து மடிப்பை நீவிப் பார்த்தாள்.

எட்டரை மணி. மூன்றாவது மாடிக் கூடம்.

"சார், நேத்து சாயந்தரம் அஞ்சு நாப்பதுக்கு கொழும்புல விமானம் ஏற வேண்டியவங்க யாரு?"

அசோகன் பேப்பரை மடித்தார். மணிமொழி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கொழும்பு விலை கொழும்பு விலைன்னு நாங்க எல்லாரும் வாயைப் பிளந்தோமே ஒழிய, அப்ப கொழும்புக்குப் போய் ஏறப்போறது யாருன்னு ஒருத்தரும் கேக்கல. டிக்கெட்டோட முதல் வரி கொழும்பு டு சென்னை. அந்த விமானம் கிளம்பிச்சு, நீங்க ரெண்டு பேரும் அதுல இல்ல. பன்னண்டு நிமிஷத்துல மீதி எல்லாம் தானா விழுந்துடுச்சு. யாரும் கை வைக்கல. கை வைக்கவும் வேண்டாம். அந்த நேரத்துல நீங்க மேடையில சால்வையோட இருந்தா போதும், கட்டடமே சாட்சி."

"எனக்கு... அந்த விதி தெரியாது மேடம். டெக்னிகல் மிஸ்டேக்."

"தெரியாதா? ஆனந்தகுமாரை அதே விதியைச் சொல்லித்தான் கிழிச்சிருக்கீங்க. சரி, அதை விடுங்க. நாய் குரைச்சா மனு போடற மனுஷன், இத்தனை லட்சம் போச்சுன்னு ஒரு ஃபோன் பண்ணல. நாலு மாசம் வெளியூர் போறவர், பாலை நிறுத்தல. நாளைக்குக் காலையிலயும் காபி இந்த வீட்லதான் குடிப்பீங்கன்னு உங்க ஒருத்தருக்குத்தான் தெரியும்."

மணிமொழி சோபாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் டொரன்டோங்கிற வரியைத் தவிர வேற எதையும் பார்க்கல அக்கா." பிறகு கணவர் பக்கம் திரும்பினாள். "ஏங்க? கூட்டிட்டுப் போக இஷ்டமில்லைன்னா பொங்கல்லியே சொல்லியிருக்கலாமே?"

முக்கால் மணி நேரம் மைக் இல்லாமலே பேசக்கூடிய அசோகனின் குரல் பக்கத்து இருக்கைக்கே எட்டவில்லை.

"மாசி மாசம் அவ எனக்கு ஃபோன் பண்ணா."

"யாரு?"

"நிலா. முழுகாம இருக்கா, வைகாசியில பிரசவம்னா. அம்மாவை மட்டும் அனுப்புங்க, நீங்க என் வாசப்படி ஏற வேண்டாம்னா."

"அப்ப என்னை அனுப்பியிருக்கலாமே!"

"எல்லார்கிட்டயும் ரெண்டு பேரும் போறோம்னு சொல்லியாச்சு. நீ உள்ள இருப்பே, நான் தெருவுல நிப்பேனா? அந்தப் பையன் அதைப் பார்த்துக்கிட்டு நிக்கவா?" மடித்த பேப்பரை மறுபடி மடித்தார். "போகலைன்னாலும் கேவலம், போனாலும் கேவலம். டிக்கெட் ரத்தாயிட்டா யார் மேலயும் தப்பில்ல."

இது ஆனி மாதம். வைகாசி முடிந்துவிட்டது என்பதை மணிமொழி மனசுக்குள் எண்ணிப் பார்ப்பது அவள் உதட்டசைவில் தெரிந்தது.

"குழந்தை பொறந்துடுச்சா?"

"தெரியாது."

"தெரியாதா?"

"கேக்கல."

அவள் கை நீட்டினாள். அசோகன் ஃபோனைத் திறந்து கொடுத்தார். மகளின் நம்பரை 'கேஸ் ஏஜென்ட்' என்று பதிந்து வைத்திருந்தார். அவருடைய ஃபோனிலிருந்து கூப்பிட மணிமொழிக்கு மனம் வரவில்லை. இசக்கியம்மாள் தன்னுடையதில் நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரைத் தட்டி, அவள் கையில் வைத்தாள். அங்கே சனி ராத்திரி. மூன்றாவது மணியோசையில் எடுத்தார்கள். ஒரு குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது.

"ஹலோ, யாரு?"

"நிலா... அம்மாடி."

குழந்தையின் அழுகைக்கு நடுவே நிலா பேசினாள். குரலில் கோபம் இல்லை. தூக்கம் கெட்ட அலுப்புதான் இருந்தது.

"பையன்மா. மூணு வாரம் ஆச்சு. ஹஸனோட அம்மா வந்து எல்லாம் பார்த்துக்கிட்டாங்க. உன்னைத்தான் அப்பாகிட்ட கேட்டேன். 'அவ வரமாட்டா, அவளுக்கு இஷ்டமில்ல'ன்னுட்டார். பரவாயில்ல, அதை விடு."

மணிமொழி நிமிர்ந்து கணவரைப் பார்த்தாள். அசோகன் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த ஒரு வாக்கியத்தை அவர் சற்றுமுன் சொல்லாமல் விட்டதை இசக்கியம்மாள் அப்போதுதான் அறிந்தாள். இத்தனை வருஷ உத்தியோகத்தில் அவள் எழுதிய எந்தக் குற்றப்பத்திரிகையிலும் இதற்கென்று ஒரு பிரிவு இருந்ததில்லை.

"நான் அப்படிச் சொல்லவே இல்லடி. எனக்குத் தெரியவே—"

"அழறான்மா. தூங்க வைக்கணும். அப்புறம் பேசறேன்."

"சரிம்மா, அவனைப் பாரு. தோள்ல போட்டு முதுகைத் தட்டு, ஏப்பம் வரணும். குளிப்பாட்டினா காதுல தண்ணி நிக்க விடாதே. நீ பச்சைத் தண்ணில கை வைக்காதே. பூண்டு வதக்கிச் சாப்பிடறியா? தலைக்குத் துணி கட்டிக்க, அங்க குளிருமாமே..."

லைன் எப்போதோ அறுந்துபோயிருந்தது. குழந்தையின் அழுகை நின்று, திரையும் இருண்டுவிட்டது. இசக்கியம்மாள் அதைப் பார்த்தாள். கண்டுபிடித்ததை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவதே வேலையாக இருந்தவள், மணிமொழி பேசி முடிக்கட்டும் என்று பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.