ஓடைக்குள்ளிருந்து வந்த அளவு

காலையிலிருந்தே அந்தமானின் மாயாபந்தரில் நெட்வொர்க் இல்லை. ஆனாலும் மூன்று மணிக்கு ஹரிஹரனின் போன் அடித்தது.

"நூத்திப்பத்து சார்." ஜன்னத் பீவியின் குரல். உடனே வைத்துவிட்டார்.

ஓடைக்கரையில் அவர் வீட்டு வாசற்படியோரம் ஓர் அளவுகோல் நட்டிருந்தது. தண்ணீர் படியைத் தாண்டி எத்தனை சென்டிமீட்டர் ஏறியது என்று பார்த்துச் சொல்வது அவர் வேலை. மழை, அலை, அலையாத்திக் காடு, கடலின் சூடு எல்லாவற்றையும் சமன்பாடுகளாகக் கோத்து, ஐம்பது வருடம் கழித்து இந்தத் தீவு எப்படியிருக்கும் என்று கணினியில் காட்டுவது ஹரிஹரனின் வேலை. அந்தக் கணினி மாதிரியை அவன் கும்பிட்டான் என்றே சொல்லலாம். ஆண்டவன் படைத்த கடல் அதற்கு அடங்காதபோது, கடலைத்தான் சந்தேகப்பட்டான்.

ஒரு வாரமாகப் பீவியின் எண்கள் மாதிரிக்கு ஒத்துவரவில்லை. ஒவ்வொன்றையும் 'பிழை' என்று ஒதுக்கினான்.

நேற்று பீவி கேட்டார்: "மத்த வீட்டாளுங்க எல்லாம் மேட்டுப் பள்ளிவாசலுக்குப் போயிட்டாங்க சார். ஓடைப் பானி அடுப்படிக்கே ஏறி வந்துருச்சு. நானும் போயிடவா?"

"இருபது வருஷ டேட்டா பொய், உங்க குச்சி மட்டும் நிஜமா பீவி?"

"உங்க கம்ப்யூட்டருக்கு நீச்சல் தெரியுமா சார்?" என்று சிரித்தார்.

அவனுக்குச் சுருக்கென்றது. "நாளைக்குச் சாயங்கால அளவு எடுத்துட்டுப் போங்க. ஒண்ணு விட்டாலும் எல்லாம் கெட்டுப்போகும்."

குப்பையில் போடப்போகும் எண்ணுக்காக ஒரு மனுஷியை நிறுத்திவைத்தான். அவன் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி அனுப்பிய மனுஷி. ஓடை பத்து நிமிட நடை. போய்ப் பார்த்திருக்கலாம். அந்தச் சின்ன இரக்கம்கூட அந்தப் பெரிய படிப்பில் இல்லை.

போன் மறுபடி அடித்தது. "நூத்திநாப்பது சார்."

ஜன்னல் சாத்தியிருந்தும் அறை முழுக்க ஓடைச் சேற்றின் வாடை மெல்லப் பரவியது. வெளியே தகரத்தில் மழை அறைந்துகொண்டிருக்க, பீவியின் குரலுக்குப் பின்னால் மட்டும் மழையும் இல்லை, காற்றும் இல்லை, நீரில் முழுகிய குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் ஒரு கனத்த அமைதி. போன் திரையைப் பார்த்தான். இன்னும் நெட்வொர்க் வரவில்லை.

"நூத்தியெழுபது."

பீவி அவன் தோளுயரம்தான்.

கணினியில் அந்த எண் தானாக ஏறியிருந்தது. 'பிழை' என்று வரவில்லை. மாதிரியின் கோடு வளைந்து வந்து அதைத் தொட்டது. முதன்முறையாக, மிகச் சரியாக.

ஓடினான்.

மழை விட்டிருந்தது. நல்ல வெளிச்சம். கரையோரம் தகரக் கூரைகள் மட்டும் வெளியே தெரிந்தன. என்றைக்கும் கலங்கலான ஓடை. இன்று கண்ணாடி.

குனிந்தான்.

கீழே பீவி. வாசற்படியில். நின்றபடி. முக்காடு மெல்ல மிதந்தது. அளவுகோலின் மேல் ஒரு விரல் எண் எண்ணாக ஏறியது. நின்றது. வாய் திறந்தது.

அவன் கையிலிருந்த போன் பேசியது.

"இருநூத்திப்பத்து. எழுதிக்கிட்டீங்களா சார்?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு, அளவுகோலை விட்டுக் கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் அவனுக்கு இடம் விட்டார்.