உள்ளே போகும் கட்டளை

பன்னிரண்டில் பதினொன்று ஓடவில்லை. அதில் அவளுக்கு ஆச்சரியமில்லை. ஓடாது என்று தெரிந்துதான் முயன்று பார்த்தாள். பன்னிரண்டாவது ஓடிக்கொண்டிருந்தது. அதுதான் உறுத்தியது.

ஞாயிற்றுக்கிழமை மதியம், ஆபீஸில் அவளைத் தவிர யாருமில்லை. ஏசியை நிறுத்தியிருந்ததால் கார்ப்பெட்டிலிருந்து பசை வாடையும், யாரோ கழுவாமல் விட்டுப்போன டீக் கோப்பைகளின் புளித்த வாடையும் கலந்து எழுந்தன. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் சர்வர் அறை ஒரே சீராக இரைந்தது. படுத்துப்போன சர்வர்களை எழுப்பி உட்கார வைப்பது அவள் வேலை. அதனால் எல்லோருக்கும் அவள் ‘டாக்டர்’.

எந்த வங்கியில் எந்த வகை ரத்தம் இருக்கிறது என்று மருத்துவமனைகளுக்குச் சொல்லும் மென்பொருள் அது. திங்கள் காலைக்குள் அதைப் பழைய விண்டோஸ் இயந்திரத்திலிருந்து புதிய லினக்ஸ் இயந்திரத்துக்கு மாற்றியாக வேண்டும். மென்பொருளைப் பன்னிரண்டு கன்டெய்னர்களாகப் பிரித்துக் கட்டியிருந்தார்கள். கன்டெய்னர் என்பது ஒரு மூட்டை மாதிரி. வேண்டிய சாமானெல்லாம் உள்ளேயே இருக்கும். உயிரை மட்டும், தான் உட்காரும் இயந்திரத்திடமிருந்து வாங்கிக்கொள்ளும். விண்டோஸுக்குக் கட்டியதை லினக்ஸில் ஏற்றினால் ‘இது இந்த இடத்துக்கானதல்ல’ என்று ஒரு வரி சொல்லிவிட்டு விழுந்துவிடும். பதினொன்றும் ஒழுங்காக அப்படித்தான் விழுந்தன.

பன்னிரண்டாவதை நிறுத்தினாள். நின்றது. தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தாள். ஓடிக்கொண்டிருந்தது.

மேனேஜருக்குப் போன் போட்டாள்.

“ஓடக் கூடாதது ஒண்ணு ஓடுது சார்.”

“ஓடுதுன்னா சந்தோஷப்படும்மா. எதுக்கு நோண்டறே?” பின்னால் டிவி அலறியது. “யார் கட்டினது அது?”

“சித்தப்பா.”

“அடடா. நல்ல மனுஷன். தூக்கத்துலயே போயிட்டாருல்ல, கொடுத்து வச்சவர்” என்றபடி மேனேஜர் வைத்துவிட்டார்.

சித்தப்பா யாருக்கும் சித்தப்பா இல்லை. ஐம்பத்தாறு வயது, தனி ஆள். யார் என்ன கேட்டாலும் “இரு, வரேன்” என்று எழுந்து வருவார், அதனால் வந்த பெயர். ‘இவருடைய அறிவு முழுக்கப் பழைய இயங்குதளத்தைச் சார்ந்தது, இனிப் பயன்படாது’ என்று அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டவள் டாக்டர். அவள் எழுதாவிட்டால் வேறொருவர் எழுதியிருப்பார், எழுதாத அவளும் வீட்டுக்குப் போயிருப்பாள். அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டாள். வேலை போன மூன்றாம் வாரம் அவர் இறந்தார். நாலாம் நாள்தான் கதவை உடைத்தார்கள். ஆபீஸிலிருந்து ஒரு மலர்வளையம் போனது. ஆள் யாரும் போகவில்லை.

அந்தக் கன்டெய்னர் உள்ளே என்னதான் செய்கிறது என்று அதன் பதிவேட்டைத் திறந்தாள். ஒவ்வொரு மென்பொருளும் தான் செய்வதை வரிவரியாக எழுதி வைக்கும் இடம் அது. மூன்று மாதத்துக்கு முந்தைய தேதி, சித்தப்பா இறந்த வாரம்.

செவ்வாய், காலை 6.10. விழுந்துவிட்டேன். வலது பக்கம் அசையவில்லை.

செவ்வாய், 6.52. டாக்டருக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை.

செவ்வாய், 9.15. மறுபடி செய்தேன். துண்டித்துவிட்டாள்.

செவ்வாய், 9.20. போனில் சார்ஜ் இல்லை.

புதன், காலை. வாசலில் செருப்புச் சத்தம். கூப்பிட்டேன். குரல் வரவில்லை.

அவள் முதுகில் வியர்வை வழிந்தது. அந்த இரண்டு அழைப்புகளைப் பற்றி அவள் யாரிடமும் சொன்னதில்லை, கணவனிடம்கூட. வேலையைத் திரும்பக் கேட்டு அழப்போகிறார் என்று நினைத்து, மீட்டிங்கில் போனைக் கவிழ்த்து வைத்தாள். செத்துப்போனார் என்று கேள்விப்பட்ட அன்று அந்த எண்ணையே அழித்தாள்.

யாரோ வேண்டுமென்று செய்கிறார்கள். அப்படித்தான் இருக்க வேண்டும். அழுகைக்குப் பதில் கோபம் வந்தது. நாளை இதை மேனேஜர் பார்ப்பார். ஆபீஸ் முழுக்கப் பார்க்கும். வெளியிலிருந்து அழிக்கப் பார்த்தாள், முடியவில்லை. உள்ளே போய்த்தான் அழிக்க வேண்டும். ஓடுகிற கன்டெய்னருக்குள் நுழைய ஒரு கட்டளை உண்டு. தினமும் இருபது தடவை அடிக்கிற கட்டளை. அடித்தாள்.

உள்ளே போனாள்.

கறுப்புத் திரையில் கர்சர் துடித்தது. சர்வர் அறையின் இரைச்சல் நின்றிருந்தது. எப்போது நின்றது? பசை வாடை போய் வேறொரு வாடை வந்தது. ஈரத் துணி. மூடிய அறை. கைலியில் காய்ந்த மூத்திரம்.

அழிக்கும் கட்டளையை அடித்தாள். திரை பதில் எழுதியது.

இரு, வரேன்.

வேண்டாம். வெளியேறும் கட்டளையை அடித்தாள். கர்சர் அதே இடத்தில் துடித்தது. மறுபடி அடித்தாள். மறுபடி. ஐந்தாவது தடவை வலது கை விசைப்பலகையிலிருந்து நழுவி மடியில் விழுந்தது. தூக்கப் பார்த்தாள். அது அவள் கை மாதிரியே இல்லை. வாயின் ஒரு ஓரம் இறங்கியது. நாற்காலி சரிந்தது. அல்லது அவள் சரிந்தாள்.

கன்னத்தில் தரை. கார்ப்பெட் இல்லை. சில்லென்ற டைல்ஸ்.

மேலே ஒரு மின்விசிறி, ஓடாமல். இறக்கைகளில் தூசி. ஒரு கட்டிலின் கால். அவள் ஒருநாளும் பார்த்திராத வீடு.

ரொம்பத் தொலைவில், கிணற்றுக்கு வெளியே பேசுவது போல, கணவனின் குரல் கேட்டது. ஐந்து மணிக்குக் கூட்டிப்போக வருகிறேன் என்றிருந்தான்.

“முடிஞ்சுதா? பாப்பா பசிக்குதுங்கறா.”

இல்லை. நான் இங்கே இருக்கேன். இங்கே. நாக்கு புரளவில்லை.

“முடிஞ்சுது” என்றது அவளுடைய குரல். தெளிவாக, இதமாக. “பன்னெண்டும் ஓடுது.”

“அம்மா, தூக்கு.”

“வாடா கண்ணு.”

மகள் சிரித்தாள். கழுத்தைக் கட்டிக்கொண்டால் மட்டும் வருகிற சிரிப்பு. இரண்டு பேருடைய காலடிகள் நடந்தன. கண்ணாடிக் கதவு மூடியது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

இருட்டத் தொடங்கியது. எதிரே வாசல் கதவு. அதன் அடியில் ஒரு விரல் அகலத்துக்கு வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் இரண்டு கால்களின் நிழல் வந்து நின்றது. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

“என்னங்க, ஏதோ வாடை வரல?”

“எலி செத்திருக்கும். வா.”

நிழல் நகர்ந்தது. அவள் வாயைத் திறந்தாள். திறந்தபடியே இருந்தது. உதட்டோரம் ஒரு ஈ வந்து உட்கார்ந்து, கால்களைத் தேய்த்துக்கொண்டு, மெல்ல உள்ளே நடந்தது.