கோள்மூட்டியும் என் கால்களும்

அம்மாவின் அடிகளை நான் திருடவில்லை. என் அடிகளைத்தான் அம்மாவுக்குக் கொடுத்தேன். மூன்று வாரமாக எனக்கு நானே இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனாலும் சாப்பிட உட்கார்ந்தால் அம்மாவின் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

இருங்கள், முதலிலிருந்து சொல்கிறேன்.

போன வருடம் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. அறுவை சிகிச்சை, ஊசி மருந்து, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து இப்போது குணமாகிவிட்டது. கொட்டிப்போன முடிகூடத் திரும்ப வளர்ந்துவிட்டது. முன்பு நேராக இருந்த முடி இப்போது சுருள் சுருளாக இருக்கிறது! தினமும் ஒரு மாத்திரை மட்டும் போட வேண்டும். ஆனால் அம்மாவின் எடைதான் ஏறிக்கொண்டே போனது.

"மெலிஞ்சு போயிடுவேன்னு எல்லாரும் பயமுறுத்தினாங்க. நான் என்னடான்னா உருண்டுக்கிட்டே போறேன்!" என்று அம்மா சிரிப்பார். கண்ணாடிக்கு முன்னால் நிற்கும்போது மட்டும் சிரிக்க மாட்டார்.

மருத்துவமனையில் ஒரு சிஸ்டர் இருக்கிறார். அவர் மெதுவாகப் பேசினாலே பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும். "தினமும் நடங்க. இனிப்பைக் குறைங்க. தட்டுல பாதி காய்கறி இருக்கட்டும். எடை கட்டுக்குள்ள இருந்தா, நோய் திரும்ப வராம இருக்க அதுவும் ஒரு உதவி" என்றார். ஒரு நோட்டும், இடுப்பில் மாட்டிக்கொள்ளும் ஒரு சின்னக் கருவியும் கொடுத்தார். தீப்பெட்டி அளவுதான் இருக்கும். நாம் வைக்கும் ஒவ்வொரு அடியையும் எண்ணிவிடும்.

"அடக் கடவுளே! நாள் பூரா என்னைப் பத்திக் கோள் மூட்டப் போகுது பாரு" என்றார் அம்மா. அன்றிலிருந்து அதன் பெயர் கோள்மூட்டி.

"நம்பரை நீயே பார்த்து எழுதிடு கண்ணு. எனக்குச் சொல்லாத. கேட்டாலே வெக்கமா இருக்கு."

அம்மாவுக்கு ஒரு டாக்சி கம்பெனியில் போன் எடுக்கும் வேலை. வீட்டு மேசையிலேயே ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். "அஞ்சு நிமிஷத்துல வண்டி வந்துடும் சார்" என்று ஒரு நாளைக்கு நூறு முறையாவது சொல்வார். வேலை முடிந்ததும் நான், "நடக்கப் போலாமாம்மா?" என்று கேட்பேன்.

"அஞ்சு நிமிஷம், கண்ணு."

டாக்சியாவது வந்துவிடும். அம்மா வர மாட்டார்.

முன்பெல்லாம் அப்படி இல்லை. தினமும் சாயங்காலம் இருபது நிமிடம் நடந்து என்னைக் கூட்டிப்போகப் பள்ளிக்கு வருவார். இரண்டு மாதமாக வருவதில்லை. அதற்குக் காரணம் நான்தான். அதை அப்புறம் சொல்கிறேன். இப்போது சொல்ல வாய் வரவில்லை.

முதல் நாள் கோள்மூட்டி காட்டியது 1,140. மறுநாள் 980. நோட்டில் எழுதவே எனக்குக் கை கூசியது. சிஸ்டர் இதைப் படித்தால் அந்தக் குரலுக்கு ஊரே கூடிவிடுமே!

மூன்றாம் நாள் அம்மா அதைக் கழற்றி அலமாரியில் வைத்ததும், நான் எடுத்து என் இடுப்பில் மாட்டினேன். மொட்டை மாடிக்கு ஓடிக் கயிறு தாண்டினேன். குதிப்பதற்கும் நடப்பதற்கும் கோள்மூட்டிக்கு வித்தியாசம் தெரியவில்லை. அன்று நோட்டில் 6,200!

'எண் உண்மைதானே? கால் மட்டும்தானே வேற?' என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் 7,000. ஒருநாள் ஆர்வக் கோளாறில் 11,000. அன்று ராத்திரி கால் வலி தாங்கவில்லை. அம்மாதான் எண்ணெய் தேய்த்துவிட்டார். "பள்ளிக்கூடத்துல அப்படி என்னதான் விளையாடுற?" என்று கேட்டுக்கொண்டே தேய்த்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மூன்று வாரம் கழித்து மருத்துவமனைக்குப் போனோம். சிஸ்டர் நோட்டைப் பிரித்தார். கண்ணாடியைச் சரிசெய்தார்.

"இங்க பாருங்கம்மா எல்லாரும்! ஏழாயிரமாம்! ஒருநாள் பதினோராயிரமாம்!"

வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்கள் கை தட்டினார்கள். அம்மா முழித்தார். "நானா?" என்று முணுமுணுத்தார். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அம்மா எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறினார். இரண்டு கிலோ கூடியிருந்தது.

சிஸ்டர் குரலைத் தாழ்த்தினார். அவர் குரல் தாழும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். "இவ்வளவு நடந்தும் ஏறுதுன்னா, வேற ஏதோ காரணம் இருக்கணும். இப்பவே ரத்தம் எடுத்துடலாம். டாக்டர் ஸ்கேனும் எழுதுவார்னு நினைக்கிறேன்."

ஸ்கேன் என்றதும் அம்மா நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டார். இடது பக்கம் அறுவை சிகிச்சை செய்ததால், ஊசி எப்போதும் வலது கையில்தான். அந்தக் கையில் நரம்பு சுலபத்தில் கிடைக்காது. போன முறை ஐந்து இடத்தில் குத்தினார்கள். அம்மா கையை நீட்டினார். அப்புறம் மெல்லக் கேட்டார்.

"திரும்ப வந்துடுச்சா சிஸ்டர்?"

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"ஐயோ, இல்ல! அம்மா நடக்கவே இல்ல சிஸ்டர்! அது என் காலு!"

"என்னது?"

"நான்தான் கயிறு தாண்டினேன். மொட்டை மாடியில. பதினோராயிரமும் நான்தான்."

யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்து, உடனே வாயைப் பொத்திக்கொண்டார். என் காது இரண்டும் கொதித்தன. தரையில் ஒரு ஓட்டை இருந்திருந்தால் அப்படியே உள்ளே போயிருப்பேன்.

சிஸ்டர் ஊசியைத் தட்டில் வைத்தார்.

"நல்லவேளை இப்பவாவது சொன்ன. இந்த நோட்டை நம்பி டாக்டர் மருந்தையே மாத்தியிருப்பார்." அவர் அந்தப் பக்கங்களுக்குக் கீழே ஒரு கோடு போட்டார். "இனிமே இதுல அம்மா கால் மட்டும்தான். ஆயிரம்னா ஆயிரம். அடுத்த வாரம் ஆயிரத்தி ஐந்நூறு. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

மூன்று நிறுத்தம் தாண்டியதும் அம்மா பேசினார். "நம்பரைப் பார்க்க மாட்டேன்னு சொன்னதே நான்தான. அதுவும் ஏமாத்து வேலைதான். என்ன பண்றது? தெருவுல இறங்கவே கூச்சமா இருக்கு, கண்ணு."

"அதுக்கும் நான்தாம்மா காரணம்."

அப்புறம் சொல்கிறேன் என்றேனே, அது இதுதான். என் வகுப்பில் ஒருவன் இருக்கிறான். வாய் மூடவே மாட்டான். அதனால் அவனுக்கு ரேடியோ என்று பெயர். ஒருநாள் பள்ளி விட்டதும், "உங்கம்மா வந்து நின்னா ஸ்கூல் கேட்டே தெரியமாட்டேங்குது!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று வீட்டுக்கு வந்ததும், "இனிமே நீ வராதம்மா. நான் என்ன சின்னக் குழந்தையா?" என்று சொல்லிவிட்டேன்.

அதையெல்லாம் பஸ்ஸில் திக்கித் திணறிச் சொல்லி முடித்தேன்.

"தெரியும்" என்றார் அம்மா. "நான் அன்னைக்கு கேட்டுக்கு வெளியில தூணுக்குப் பின்னாடிதான் நின்னுட்டிருந்தேன்."

அப்படியானால் நான் சிரித்ததும் அம்மாவுக்குக் கேட்டிருக்கிறது. நான் ஓவென்று அழுதேன். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அம்மா என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார்.

"நாளைக்கு வரியாம்மா?" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டேன்.

"எங்க?"

"ஸ்கூல் கேட்டுக்கு. நடந்து."

அம்மா கையால் என் கன்னத்தைத் துடைத்துவிட்டார். "பார்க்கலாம்" என்றார்.

மறுநாள் மணி அடித்ததும் முதல் ஆளாக வாசலுக்கு ஓடினேன். அம்மாவைக் காணோம். பையன்களும் பெண்களும் ஒவ்வொருவராக வீட்டுக்குப் போனார்கள். ரேடியோ மட்டும் தன் அண்ணனுக்காகக் காத்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றான். வர மாட்டார். நானாக இருந்தாலும் வந்திருக்க மாட்டேன்.

அப்போது தெருமுனையில் ஒரு சுருள்முடித் தலை தெரிந்தது. மெதுவாக, முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தது. இடுப்பில் கோள்மூட்டி.

ரேடியோ வாயைத் திறப்பதற்குள் நான் கத்தினேன். "அம்மாஆஆ! இங்க இருக்கேன்!"

வாட்ச்மேன் பதறிப்போய் எழுந்துவிட்டார்.

"எங்கம்மா. இருபது நிமிஷம் நடந்தே வந்திருக்காங்க" என்றேன் ரேடியோவிடம்.

"இருபது நிமிஷமா!" அவன் கண்ணை விரித்தான். "எனக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குமே!" என்றவன், கொஞ்ச நேரம் காலால் மண்ணைக் கிளறினான். பிறகு அவன் வாயிலிருந்து முதல்முறையாக மெதுவாக ஒரு வார்த்தை வந்தது. "சாரி."

அம்மா வந்து சேர்ந்தார். "ரொம்ப நேரம் நிக்க வச்சுட்டேனா?"

"இல்லம்மா. அஞ்சு நிமிஷம்தான்."

அம்மாவே குனிந்து கோள்மூட்டியைப் பார்த்தார். முதல்முறையாகப் பார்த்தார். "2,316. அவ்வளவுதானா?"

"இது பாதிதாம்மா. இன்னும் வீட்டுக்குத் திரும்பிப் போகணும்ல?"

அம்மா சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். நான் பிடித்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் நோட்டில் அம்மாவே எழுதினார்: 4,702. என் கயிறு ஆணியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. சாப்பிட உட்கார்ந்தபோது நான் அம்மாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.