பட்டவன் பங்குத் தண்ணீர்

ஆனி மாதக் கடைசி. வெள்ளைக்காரன் கணக்கில் ஜூலை பதினாலு, பிரெஞ்சுக்காரன் பண்டிகை நாள். பாகூரில் கொடியேற்றம், பேண்டு, வேட்டு என்று செலியமேட்டுச் சனம் காலையிலேயே கிளம்பிப் போய்விட்டது. ஊர் துடைத்துவிட்டாற்போல் கிடந்தது. சுப்பராயலு மட்டும் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு உச்சி வெயிலில் வாய்க்காலுக்கு வந்து சேர்ந்தான்.

செலியமேட்டுக்கு அந்த நாளில் வேறு ஒரு கணக்கும் உண்டு. எந்தக் காலத்திலோ இரண்டு ராஜாக்களின் படைகள் அங்கே மோதினவாம். வெட்டுப்பட்டவர்கள் தண்ணீர் கேட்டு ஊருக்குள் தவழ்ந்து வர, ஊரே கதவைச் சாத்திக்கொண்டதாம். அதனால் வருஷா வருஷம் அந்த ஒரு நாள் ஏரித் தண்ணீரை யாரும் வயலுக்குத் திருப்புவதில்லை. செத்த வீரர்களுக்காக நட்ட பட்டவன் கல் நிற்கும் தரிசுக்கே விட்டுவிடுவார்கள்.

சுப்பராயலுவுக்கு இதில் நம்பிக்கை இல்லாமல் இல்லை. சந்தேகம்தான் அதைவிட அதிகம். அந்தத் தரிசுக்கு அடுத்த நிலம் யாருடையது? பங்காளி பக்கிரிசாமியுடையது. செத்தவன் பேரில் விடும் தண்ணீர் கசிந்து கசிந்து யார் பயிருக்குப் போகும்?

"பட்டவன் குடிக்கிறானா, பக்கிரிசாமி குடிக்கிறானா?" என்று வீட்டில் கேட்டதற்கு அவன் பெண்சாதி கலியம்மாள், "இன்னிக்கு ஒரு நாள் வாணாங்க" என்று மட்டும் சொன்னாள்.

அவனால் பொறுக்க முடியாது. நெல் பால் பிடித்து நிற்கிற நேரம். போன வருஷமும் பொய்த்த நிலம். இந்தப் போகமும் போனால் வீட்டில் உலை ஏறாது.

வாய்க்காலை மண் வெட்டி அடைத்தான். தண்ணீர் தயங்கி, அவன் வயல் பக்கம் திரும்பியது. அடைப்பை உடைக்கப் பக்கிரிசாமி எப்படியும் வருவான், கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று பனை நிழலில் குந்தினான்.

நேரம் போனது. மடைவாயில் தண்ணீர் விழுந்துகொண்டேயிருந்தது.

முதல் பாத்திகூட நனையவில்லை.

நண்டு வளையாக இருக்குமோ என்று எழுந்து வரப்பை மிதித்துப் பார்த்தான். வளையும் இல்லை, வெட்டும் இல்லை. அவன் புத்தி மறுபடி பக்கிரிசாமியிடமே போய் நின்றது.

"மறைஞ்சு நின்னு இன்னாடா வேலை காட்டுற? வெளிய வா."

துருப்பிடித்த இரும்பு வாடை வந்தது. கூடவே குதிரை வியர்வை வாடை. செலியமேட்டில் குதிரையே கிடையாது.

பிறகு மடக் மடக்கென்று ஒரு சத்தம்.

அவன் காலடியிலேயே.

ஈர மண்ணில் இரண்டு உள்ளங்கைகள் பதிந்தன. பின்னால் இரண்டு முட்டிகள். பக்கத்தில் இன்னும் இரண்டு. வாய்க்கால் நெடுக யாரோ வரிசையாக மண்டியிட்டுக் குனிவதுபோல் பதிந்துகொண்டே போயின. ஆள் ஒருவரும் இல்லை.

"தண்ணி," என்றது காதோரத்தில் ஒரு காய்ந்த குரல்.

சுப்பராயலு மடைக்குப் பாய்ந்தான். அடைத்த மண்ணைக் கையாலேயே வாரி எறிந்தான். தண்ணீர் பழையபடி தரிசுக்கு ஓடியது.

"குடிச்சுக்கங்க சாமி, எவ்ளோ வேணுமோ குடிச்சுக்கங்க," என்று முனகிக்கொண்டே பின்வாங்கினான். சத்தம் நின்றது.

அப்பாடா என்று மூச்சு விட்டவன், வழக்கம்போல ஒரு கதிரைப் பறித்து நகத்தால் நசுக்கினான். பால் வரவில்லை. இன்னொன்றும் வெறும் உமி. காலையில் வெள்ளையாக வழிந்ததே என்று ஓடி ஓடிப் பார்த்தான். வயல் முழுக்க உறிஞ்சிப்போட்ட பதர். வரப்பிலேயே உட்கார்ந்து அழுதான். அழுது முடித்ததும், சும்மா இருக்க மாட்டாமல், தரிசைத் தாண்டிப் போய்ப் பக்கிரிசாமியின் கதிரையும் நசுக்கிப் பார்த்தான்.

அதில் பால் சொட்டியது.

வீட்டுக்கு வந்தபோது குடம், தவலை, அண்டா எல்லாம் காலியாக உருண்டு கிடந்தன. கலியம்மாள் மூச்சிரைக்க நின்றாள்.

"வந்த ஆளுங்களுக்கு ஊத்தி ஊத்திக் கை ஓஞ்சு போச்சுங்க."

"எந்த ஆளுங்கடி? பக்கிரிசாமி ஆளா?"

"அவரு பாகூருக்குல்ல போயிருக்காரு. இவங்க வெளியூரு மாதிரி. மேலெல்லாம் மண்ணு. எவ்ளோ வேணுமோ குடிச்சுக்கங்கன்னு நீங்கதான் சொன்னீங்களாமே."

"எப்பப் போனாங்க?"

"போகலியே," அவள் குரலைத் தாழ்த்தினாள். "கிணத்தண்ட குந்திக்கினு இருக்காங்க."

கொல்லையில் ராட்டினம் கிறீச்சிட்டது. சுப்பராயலு கதவிடுக்கில் பார்த்தான். கிணற்றடியில் யாரும் இல்லை. தாம்புக்கயிறு மட்டும் உள்ளே இறங்கிக்கொண்டேயிருந்தது.