கன்னத்தில் வரைந்த பிறை

அன்புள்ள சிறுவர் சிறுமியரே, கதை எழுதத் துணிந்த என்னைப் பொறுத்தருள வேண்டுகிறேன். இது என் முதல் முயற்சி. சிரிக்கவைக்கும் கதையாக அமையாமைக்கும் மன்னியுங்கள்.

தமிழ்நிலாவின் தாயும் பூவிழியின் தாயும் மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்பவர்கள். பூவிழிக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. ஆகவே ஒரே வகுப்பில் படித்த தோழியர் தமிழ்நிலாவும் அவளும் கைகளால் பேசிக்கொண்டார்கள். கைகளை உயர்த்தி விரல்களை ஆட்டினால் மழை. கன்னத்தில் நகத்தால் பிறை வரைந்தால் தமிழ்நிலா.

ஒருநாள் வகுப்பில் டீச்சர் ஒரு வீடியோ காட்டினார். அதில் ஒரு சிம்பன்சி, தன்னை வளர்த்த பெண்ணிடம் கைச்சைகையால் பழம் கேட்டது.

தமிழ்நிலாவுக்குப் பெருமை தாங்கவில்லை. துள்ளி எழுந்தாள்.

"டீச்சர், அப்படியே எங்க பூவிழி மாதிரி பேசுது!"

வகுப்பே சிரித்தது. பூவிழி திரையைப் பார்த்தாள். தன்னை நோக்கி நீண்ட விரல்களைப் பார்த்தாள். புரிந்துவிட்டது.

"ஏய் கொரங்கு, வாழப்பழம் வேணுமா?" ஜெயசீலன் விலாவைச் சொறிந்து காட்டினான்.

பூவிழி கைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டாள். தமிழ்நிலா சைகையால் மன்னிப்புக் கேட்டபோது கண்களையும் மூடிக்கொண்டாள். அதற்குமேல் அவளிடம் எப்படித்தான் சொல்வது?

சனிக்கிழமை பூவிழி அம்மாவோடு உப்பளத்தில் இருந்தபோது, கடல் பக்கம் கருமேகம் திரண்டது. எப்போதும் அதை முதலில் பார்ப்பவள் பூவிழிதான். அவள் கை உயர்ந்தால் பெண்கள் உப்புக் குவியல்களைத் தார்ப்பாயால் மூட ஓடுவார்கள். அன்றும் கை பாதி உயர்ந்தது. வரப்பில் ஜெயசீலன் நின்றிருந்தான். கை இறங்கிவிட்டது.

அம்மாவை இழுத்துக் காட்ட ஓடினாள். மழை அவளை முந்திக்கொண்டது.

"ஐயோ, ஒழைச்சதெல்லாம் தண்ணியா போவுதே!" அவள் அம்மா திரௌபதி, கரையும் உப்பை இரு கைகளாலும் அணைத்தாள். "ஏண்டி, எப்பவும் நீதானே காட்டுவ?"

அம்மாவின் முகத்தைப் பார்த்ததே பூவிழிக்குப் போதுமாயிருந்தது.

திங்கட்கிழமை ஜெயசீலன் மறுபடியும் கேலி செய்து, பூவிழியிடம் தன் வாழைப்பழத்தை நீட்டினான். தமிழ்நிலா வெடுக்கென்று பிடுங்கினாள்.

"எனக்குக் குடு. நானும் கையால பேசறவதான்!"

"ஏய், அது என் சாப்பாடுடி!"

"கையால கேளு, தர்றேன்."

பசி ஜெயசீலனின் வயிற்றைக் கிள்ளியது. வெட்கத்தோடு விரல்களைக் குவித்து வாயருகே ஆட்டினான். பார்த்துக்கொண்டிருந்த பூவிழிக்குப் பொறுக்கவில்லை. தவறு என்று தலையசைத்து, அன்றும் அக்குளில் இடுக்கியிருந்த கைகளில் ஒன்றை எடுத்துச் சரியான சைகையைக் காட்டினாள்.

அதன்பின் யாரும் கேலி செய்யவில்லை. பழம், தண்ணீர், மழை என்று சைகைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின.

திரும்பாதவை இவை: திரௌபதி குவித்த உப்பு, அந்த வாரக் கூலி, கன்னத்தில் வரையும் பிறை. இப்போதெல்லாம் பூவிழி தமிழ்நிலாவைத் தோளில் தட்டித்தான் கூப்பிடுகிறாள்.