அட்டையில் ஒரு நீள ஓட்டை!

போன் அடித்தது.

அடித்தது... அடித்துக்கொண்டே இருந்தது!

ரைஃபிள் கிளப்பின் செயலாளர் எடுக்கவில்லை. போனுக்கு அரை அடி தள்ளித்தான் அவர் கை கிடந்தது. ஆனால் நெற்றியில் தோட்டா பாய்ந்த ஆள் எங்கே போன் எடுப்பது?

"யாராவது அந்தச் சனியனை நிறுத்துங்கய்யா!"

இன்ஸ்பெக்டர் கத்தினார். கான்ஸ்டபிள் ஒயரைப் பிடுங்கினார்.

அறையில் இன்னொருத்தி இருந்தாள். கிளப்பின் சாம்பியன். நாளைக்கு அவளுக்கு இறுதிப் போட்டி. ஒரு மணி நேரத்துக்கு முன்னால், செயலாளர் சாயும்போது, இதே ஜன்னல் ஓரமாக நின்று அவரிடம் பேசிக்கொண்டிருந்தவள். கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டே இருந்தாள்.

"உட்காருங்க மேடம். பார்க்கிற எனக்குத் தலை சுத்துது."

"முடியல சார்... என்னமோ சரியில்ல."

"ஒரு ஆளு செத்துக் கிடக்காரு, எப்படிச் சரியா இருக்கும்? ஆனா கேஸ் முடிஞ்சுது. கோச்சை ஜீப்புல ஏத்தியாச்சு. நேத்து செயலாளர் சட்டையைப் பிடிச்சு, 'உன்னை ஒரு கை பார்க்கிறேன்'னு கத்தியிருக்கார். பதினோரு பேர் சாட்சி!"

"எங்கேருந்து சுட்டாங்க?"

"எதிர்ல ஸ்டோர் ரூம் மொட்டை மாடி. நூத்தம்பது மீட்டர். கீழே எல்லாரும் பிராக்டீஸ்ல சுட்டுக்கிட்டு இருந்த நேரம். ஒரு 'டுமீல்' கூடினா யாருக்குத் தெரியும்?"

அவள் ஜன்னலைப் பார்த்தாள். வெயிலுக்காக வலது பாதியை அட்டை வைத்து மறைத்திருந்தார் செயலாளர். அவர் நாற்காலி அந்த அட்டைக்குப் பின்னால். இடது பாதி திறந்தே இருந்தது. தோட்டா அட்டையைத் துளைத்து வந்திருந்தது.

"அட்டைக்குப் பின்னால இருக்கிற ஆளை எப்படி சார் குறி பார்க்கிறது?"

"அவர் சீட் அங்கேதான்னு கிளப்புக்கே தெரியுமே! குத்துமதிப்பா அடிச்சிருப்பான்."

அவள் அட்டைக்கு அருகே போனாள். குனிந்தாள்.

அத்தனை நேரம் நடந்த கால்கள் சட்டென்று நின்றன!

"சார்... ஓட்டை வட்டமா இல்ல. நீளமா இருக்கு."

"இருந்துட்டுப் போகட்டுமே!"

"நேரா வந்த தோட்டா வட்டமாத்தான் துளைக்கும். இது படுத்துக்கிட்டு வந்திருக்கு. தள்ளாடித் தள்ளாடி..."

"தண்ணி போட்டிருந்துதா?"

"சிரிக்காதீங்க சார். பேரலுக்குள்ள ஸ்க்ரூ மாதிரி புரி இருக்கும். அதுதான் தோட்டாவைப் பம்பரமாச் சுத்தி விடுது. எடை கூடின தோட்டா நீளமா இருக்கும். அதுக்கு நெருக்கமான புரி வேணும். புரி தளர்வா இருந்தா சுத்து பத்தாது. குட்டிக்கரணம் போட்டுக்கிட்டு ரெண்டடி, மூணடி தள்ளிப் போயிடும். அவரைத் துளைச்சுச் சுவத்துல பதிஞ்ச தோட்டா என்ன எடை?"

"எழுபத்தேழு கிரெயினாம். இப்பத்தான் சொன்னாங்க."

அவள் முகம் வெளுத்தது.

"கனமான தோட்டா... அப்போ கோச் இல்ல சார்! கிளப்புல இருக்கிற அத்தனை ரைஃபிளும் நெருக்கமான புரிதான். எழுபத்தேழு அதுல கோடு கிழிச்ச மாதிரி போகும். இவன் தளர்ந்த புரியில போட்டிருக்கான். குறி தப்பியிருக்கு!"

"குறி தப்பிடுச்சா? அப்போ அவன் குறி வெச்சது..."

அவள் இடதுபக்கம் நகர்ந்தாள். காலையில் நின்ற இடத்திலேயே போய் நின்றாள். அங்கிருந்து ஓட்டைவரை சாண் போட்டு அளந்தாள்.

சரியாக மூன்று சாண்!

"என்னை சார்."

இன்ஸ்பெக்டர் அவளை இழுத்து ஜன்னலை விட்டுத் தள்ளி நிறுத்தினார்.

"தளர்ந்த புரி ரைஃபிள் யார்கிட்ட இருக்கு?"

"ஒண்ணே ஒண்ணுதான். என்னோட பழைய ரைஃபிள். வீட்டு பீரோவில பூட்டி இருக்கு. இன்னொரு சாவி..."

வராந்தாவில் செருப்புச் சத்தம்!

"...என் வீட்டுக்காரர்கிட்ட. காலையில என் வண்டி கிளம்பல, அவர் கார்லதான் வந்தேன்" என்றாள் குரலைத் தாழ்த்தி.

இன்ஸ்பெக்டர் கான்ஸ்டபிளிடம் கண்ணைக் காட்டினார். "கார் டிக்கி!" கான்ஸ்டபிள் பின்கதவு வழியாக ஓடினார்.

கணவன் பிளாஸ்க்கோடு உள்ளே வந்தான்.

"ஐயோ! உனக்கு ஒண்ணும் ஆகலையேம்மா? இந்தா, சூடா டீ குடி."

போன மாதம் அவள் விவாகரத்து நோட்டீஸ் அனுப்பிய பிறகு அவன் அவளிடம் பேசிய முதல் பாசமான வார்த்தை இதுதான். அவள் பிளாஸ்க்கைத் தொடவில்லை.

"வாங்க சார்!" இன்ஸ்பெக்டர் சிரித்தார். "நாளைக்கு மேடத்துக்குப் போட்டி. எந்தத் தோட்டா போடலாம்னு குழம்பிக்கிட்டு இருக்காங்க. நீங்களே சொல்லுங்க."

"இதுல என்ன சார் குழப்பம்? எழுபத்தேழுதான்! எடை கூடினா அடி பலமா விழும்."

"பழைய ரைஃபிளுக்குமா?"

"சைஸ் ஒண்ணுதானே சார்! எதுல போட்டா என்ன?"

"சரியா உட்கார்ந்துதா?"

"ஜம்முனு உட்கார்ந்..."

வாய் அப்படியே நின்றது.

திரும்பினான். கதவை அடைத்துக்கொண்டு கான்ஸ்டபிள் நின்றார். தோளில் நீளமான பை!

"டிக்கியில போர்வைக்கு அடியில இருந்துது ஐயா."

பிளாஸ்க் தரையில் விழுந்து உருண்டது.

"நீ என்னை விட்டுட்டுப் போறதை என்னால தாங்க முடியல!" அவன் அலறினான். "போறவ உயிரோட போகக் கூடாதுன்னுதான்... இந்த மனுஷன் நடுவுல சாவார்னு நான் நினைக்கவே இல்ல!"

கையில் விலங்கு ஏறியது.

"ஜீப்புலேருந்து கோச்சை இறக்குய்யா" என்றார் இன்ஸ்பெக்டர். "இவரை ஏத்து!"

அவள் கணவனுக்கு எதிரே வந்து நின்றாள். கண்ணில் நீர் முட்டியது. ஆனால் குரல் உடையவில்லை.

"பத்து வருஷமா சாப்பாட்டு மேசையில எடை, புரி, எடை, புரின்னு தொண்டை வத்தக் கத்தினேனே... ஒரு நாளாவது காதுல வாங்கினீங்களா?"

கான்ஸ்டபிள் அவன் தோளைப் பிடித்து வாசல் பக்கம் திருப்பினார்.

"ரொம்ப நன்றிங்க... வாங்கியிருந்தா இந்நேரம் நான் செத்திருப்பேன்!"